செம்பு எனாமல் கிண்ணத்தில் பழுதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

1950களிலும் 60களிலும் நார்வே, டென்மார்க், சுவீடன், பின்லாந்துப் பட்டறைகளில் செம்புத் தகட்டின்மேல் எனாமல் உருக்கிச் செய்த கிண்ணங்களும் தட்டுகளும் சுவர்ப் பலகைகளும் இன்னும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. நார்வேயில் பள்ளி வாத்தியக் குழுக்கள் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் நடத்தும் லொப்பெமார்க்கெட் என்கிற பழம்பொருள் சந்தைகளில் பழைய தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே கிடக்கும். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் கேள்விகள் தொடங்கும். விளிம்பில் பச்சை பூத்திருக்கிறதே, இந்தக் கோடு விரிசலா, இது செம்புதானா? கேள்விகள் எப்போதும் ஏறக்குறைய இவைதான்.

எந்த அறிகுறி என்றாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இது நின்றுபோன பழுதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழுதா? ஐம்பது வருடம் முன்பு விழுந்து, அத்தோடு அடங்கிவிட்ட காயத்தைத் தொடாமல் விடுவதே பெரும்பாலும் நல்லது. ஓடுகிற பழுதை நிறுத்த வேண்டும். அழகு பார்ப்பது அப்புறம்.

## கை வைக்கும் முன்

ஒரு சின்னக் காந்தம், பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடி, டார்ச், பஞ்சுக் குச்சிகள், காய்ச்சி வடித்த நீர், கொஞ்சம் அசிட்டோன், மரப் பல்குச்சி, பிஎச் தாள் (அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் தாள்). புற ஊதா டார்ச் இருந்தால் இன்னும் வசதி. மேசையில் ஒரு துண்டை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் வைத்துத்தான் எதையும் பார்க்க வேண்டும். பரிசோதிக்கும்போதே கைநழுவி விழுந்து உடைகிறவை கொஞ்சமல்ல.

செம்பைக் கண்டதும் நம் வீட்டுக் கை தானாகப் புளியைத் தேடும். வேண்டாம். எனாமல் என்பது உருகி ஒட்டிய கண்ணாடி. அந்தக் காலத்து எனாமல்களில் ஈயம் சேர்த்தவை ஏராளம், அவற்றில் பல அமிலம் பட்டால் மங்கிவிடும். புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் பொடி, எஃகு நார், பாத்திரம் கழுவும் இயந்திரம், வெந்நீர் எதுவும் கிட்டே வரக்கூடாது.

பனிக்காலத்தில் தபாலில் வந்த பெட்டியாக இருந்தால், பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே அறையில் வைத்துவிடுங்கள். உறைந்த செம்பின்மேல் அறைக் காற்று பட்ட உடனே ஈரம் கோத்துக்கொள்ளும். பழைய விரிசல் இருந்தால் அந்த ஈரம் நேராக உள்ளே போகும்.

## "இது செம்பு எனாமல்தானா?"

### காந்தம் ஒட்டுகிறது

உள்ளே இருப்பது எஃகு. இதனால் பொருள் போலி என்று ஆகிவிடாது, வேறு வகை, அவ்வளவுதான். நார்வேயின் ஹால்டன் நகரில் இருந்த கேத்ரினெஹோல்ம் ஆலையின் கிண்ணங்கள், பின்லாந்தின் ஃபினெல் பெயரில் காய் ஃபிராங்க் வடிவமைத்தவை, ஹெர்பர்ட் கிரெங்கல் 1953இல் வடிவமைத்த கிரெனிட் கிண்ணம் (வெளியே மங்கிய கறுப்பு, உள்ளே பளிச்சென்ற நிறம்) எல்லாமே எஃகின்மேல் எனாமல். எஃகில் சில் (எனாமல் துண்டு) பெயர்ந்தால் பச்சை பூக்காது, துருப்பிடிக்கும். ஆகவே கீழே பச்சை பற்றிச் சொல்வதெல்லாம் இவற்றுக்குப் பொருந்தாது.

போகிற போக்கில் ஒன்று. கேத்ரினெஹோல்மின் தாமரை இதழ் வரிசையைப் பார்த்ததும் விற்பவர்கள் "கிரேத்தே பிரூட்ஸ் கித்தெல்சன்" என்று எழுதிவிடுகிறார்கள். கிண்ணங்களின் வடிவங்கள் அவருடையவை. அந்த இதழ் வரைவு ஆர்னே கிளௌசனுடையது. 1954இல் மிலானின் த்ரியென்னாலே வடிவமைப்புக் கண்காட்சியில் கிராண்ட் பிரி என்ற முதன்மைப் பரிசு வாங்கிய கலைஞரின் பெயர் ஒட்டினால் விலை ஏறும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

### ஒட்டவில்லை, கையில் கனமே இல்லை

அலுமினியம். இலை வடிவத் தட்டுகளாகவும் ஆழமில்லாத கிண்ணங்களாகவும் வரும் எமலாக்ஸ் என்ற நார்வேப் பொருள் இப்படித்தான் ஏமாற்றும். பெயரில் எனாமல் ஒலித்தாலும் அதில் எனாமல் கிடையாது. அலுமினியத்தை மின்வேதி முறையில் ஆக்சைடு ஏற்றி, அதற்குச் சாயம் கொடுத்தது. சாயம் என்பதால் வெயிலில் வெளிறும். அழகானவைதான், எனாமல் விலைக்கு வாங்காதீர்கள்.

### ஒட்டவில்லை, கனம் இருக்கிறது

இப்போது விளிம்பைப் பாருங்கள். எனாமல்காரர்கள் ஒவ்வொரு தடவை சூளையிலிருந்து எடுத்த பிறகும் விளிம்பில் படிந்த கறுப்பு ஆக்சைடை அரத்தால் சீவிவிடுவார்கள். அதனால் கையால் செய்த பல கிண்ணங்களின் விளிம்பில் ஒரு மெல்லிய செம்புக் கோடு ஓடும். இதைப் பார்த்து "எனாமல் முழுக்க உரிந்துவிட்டது" என்று பயந்தவர்கள் உண்டு. சீரான அகலத்தில், சுற்றிலும் ஒரே மாதிரி ஓடினால் அது செய்தவர் கைவேலை. இடையிடையே பல் விழுந்ததுபோல் இருந்தால்தான் பழுது.

வெள்ளை உலோகம் தெரிந்து, பின்னால் 925 என்றும் தராசு முத்திரையும் இருந்தால் அது டேவிட்-ஆண்டர்சன். 1876இல் ஒஸ்லோவில் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய இலை, பட்டாம்பூச்சி ப்ரூச்சுகள் வெள்ளியில் எனாமல் போட்டவை. செம்பு அல்ல என்பது இங்கே நல்ல செய்தி.

### தொட்டால் குளிர்ச்சியே இல்லை

கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும், பெயின்ட்டும் ரெசினும் அப்படி இருக்காது. இன்னும் சந்தேகம் என்றால், பின்பக்கம் கண்ணில் படாத ஓரிடத்தில் பஞ்சுக் குச்சியால் ஒரு பொட்டு அசிட்டோன். எனாமல் அசையாது. பெயின்ட் என்றால் பஞ்சில் நிறம் ஏறும். சுட்ட ஊசியால் குத்திப் பார், கத்தியால் கீறிப் பார் என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

### எல்லாம் சரி, பின்னால் பெயர் இல்லை

விளம்பரத்தில் "ஸ்காண்டிநேவியன் பாணி" என்றிருந்தால் பாணி மட்டும்தான் அங்கிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதே காலத்தில் இத்தாலியின் பாதுவாவில் பாவ்லோ தே போலியும், அமெரிக்காவின் கனெக்டிகட்டில் போவானோ பட்டறையும் செம்பில் எனாமல் செய்துகொண்டிருந்தார்கள். ஜெர்மனிப் பட்டறைகளும் சளைத்தவை அல்ல. பின்லாந்தின் சாரா ஹோபியாவோ டென்மார்க்கின் போடில் ஐயேவோ செய்தது என்று சொன்னால் கையெழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்க எனாமலுக்குள்ளேயே எழுதிச் சுட்ட கையெழுத்து நகத்துக்குத் தட்டுப்படாது. மேலே பிற்பாடு எழுதியது தட்டுப்படும், அசிட்டோனுக்குக் கரையவும் கரையும்.

சாரா ஹோபியாவின் கணவர் ஒப்பி அண்ட்ராக்ட் அமெரிக்க எனாமல் கலைஞர். பின்னாளில் இந்திய நகைகளை விரிவாக ஆராய்ந்து எழுதியவரும் அவரே. சாராவின் செம்பு எனாமல் வேலை அவரோடு சேர்ந்த பிறகு வந்தது. ஆக, அதற்கு முந்தைய தேதி போட்டு யாராவது விற்றால் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

## கோடு தெரிகிறது

### முதலில்: கோடு மேலே இருக்கிறதா, அடியிலா?

அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் படுக்கவைத்து, ஒளி பரப்பின்மேல் சாய்வாக ஓடும்படி பிடியுங்கள். பிறகு பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கிண்ணத்தை மெதுவாகச் சாயுங்கள்.

ஒளி பட்டுத் தெறிக்கும் இடம் கோட்டைத் தாண்டும்போது முறியாமல் வழுக்கிக்கொண்டு போனால் மேற்பரப்பு முழுசாக இருக்கிறது, கோடு அடியில். நீலம், பச்சை போன்ற ஊடுருவித் தெரியும் எனாமலுக்கு அடியில் பட்டறைக்காரர்கள் வெள்ளித் தகட்டு இலை ஒட்டுவது உண்டு. அந்த இலையின் மடிப்பு அச்சு அசல் விரிசல் போலவே தெரியும். ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு ஓரம் மின்னும், மறுபக்கம் சாய்த்தால் அடுத்த ஓரம் மின்னும். அது மடிப்பு. பேரம் பேசும்போது "விரிசல் இருக்கிறதே" என்று இதைக் காட்டி விலை குறைக்கச் சொல்வது நியாயமில்லை.

ஒளி கோட்டில் முறிந்து இரண்டாகத் தெரிந்தால் விரிசல். கோடு மேலேயே இருந்து, நகம் அதில் ஒரு மெல்லிய பள்ளத்தை உணர்ந்தால் கீறல். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

### விரிசல்தான். பழசா, வளர்கிறதா?

பழைய விரிசலில் அழுக்கு ஏறியிருக்கும், பழுப்பாகத் தெரியும். புதிய விரிசல் வெள்ளிக் கம்பி போல் சுத்தமாக இருக்கும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, அதே டார்ச், அதே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை திரும்ப எடுங்கள். நுனி நகரவில்லை என்றால் நின்றுபோன பழுது.

வளர்கிறது என்றால் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். முதலாவது, இருக்கும் இடம்: வெயில் அடிக்கும் ஜன்னல் திண்ணை, ரேடியேட்டருக்கு மேலே உள்ள அலமாரி, கீழிருந்து சுடும் ஹாலோஜன் விளக்கு. இடத்தை மாற்றினால் செலவே இல்லாமல் தீரும். அடுத்தது, மாட்டியிருக்கும் விதம். சுவர்ப் பலகைகளில் தகட்டை மரத்தில் இறுக்கித் திருகியிருப்பார்கள். மரம் பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்கும்போது தகடு முறுக்கப்படும். திருகுகளை அரைச் சுற்று தளர்த்தினாலே போதும் சில சமயம்.

மூன்றாவது காரணம் வீட்டில் தீராது. சூடேறும்போதும் ஆறும்போதும் செம்பு எனாமலைவிட அதிகமாக விரிந்து சுருங்கும். அதனால்தான் நல்ல பட்டறைகள் பின்பக்கமும் எனாமல் போடும். இரண்டு பக்கமும் இழுப்பு சமமாகிவிடும். பின்பக்கம் வெறும் செம்பாக இருந்து, முன்பக்கம் தடித்த எனாமல் இருந்தால் அந்தப் பொருள் பிறந்த நாள் முதல் இழுபறியில் இருக்கிறது. அதைத் தட்டாமல், சூடாக்காமல், வளைக்காமல் வைத்திருப்பதுதான் நம்மால் முடிந்தது.

நிபுணரிடம், அதாவது பழம்பொருள்களைக் காத்துச் சரிசெய்பவரிடம், போக வேண்டிய நேரம்: விரிசலின் இரு ஓரமும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று தூக்கி நிற்கிறது. அல்லது இரண்டு விரிசல் சந்தித்து நடுவில் ஒரு தீவு உண்டாகியிருக்கிறது. அந்தத் தீவு எந்த நேரமும் விழலாம். துடைக்காமல், கிண்ணத்தைப் படுக்கையாக வைத்து, மேலே மெல்லிய பட்டுத்தாள் போட்டு எடுத்துப் போங்கள்.

## சில் பெயர்ந்திருக்கிறது

இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். பெயர்ந்த இடத்தில் தெரியும் உலோகத்தின் நிறத்தைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

### இளஞ்சிவப்பாகப் பளபளக்கிறது

அண்மையில் பெயர்ந்தது. சில் பெட்டிக்குள்ளேயே கிடக்கலாம், பொதித்து வந்த தாளைத் தூக்கிப் போடாமல் உதறித் தேடுங்கள். கிடைத்தால் ஒரு சின்ன டப்பியில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். சில் இருந்தால் நிபுணருக்கு வேலை பாதியாகும்.

### பழுப்பு

பழைய காயம், செம்பு தன்மேல் தானே ஒரு போர்வை போர்த்திக்கொண்டது. சுற்றியுள்ள எனாமல் ஓரத்தை மரப் பல்குச்சியால் மெல்ல வருடிப் பாருங்கள்; அசையவில்லையா, விட்டுவிடுங்கள். காட்சிக்கு வைக்கும்போது அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது.

### கறுப்பு, பொருக்குப் பொருக்காக

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். என்னிடம் ஒரு கடல் நீலத் தட்டு இருக்கிறது, உள்ளங்கை அளவு, கையெழுத்து இல்லாதது. விளிம்பருகே நகக்கண் அளவில் ஒரு சில் போயிருந்தது. போன இடத்தில் கண்ணாடித் துணுக்கு ஒன்றுகூட இல்லை, வழித்து எடுத்ததுபோல் வெறும் கறுப்புத் தகடு. சில்லைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடியிலும் அதே கறுப்பு. அப்படியென்றால் எனாமல் செம்பைப் பிடிக்கவே இல்லை. சூளைக்குப் போகும் முன் சரியாகச் சுத்தம் செய்யாத தகட்டின்மேல் படிந்திருந்த செம்பு ஆக்சைடைத்தான் பிடித்திருக்கிறது. அந்த ஆக்சைடு உரியும்போது எனாமலும் கூடவே போகும். இப்படிப்பட்ட பொருளில் முதல் சில் கடைசிச் சில்லாக இருக்காது.

மாறாக, அடிபட்டுப் பெயர்ந்த இடத்தில் உலோகத்தோடு ஒட்டிய கண்ணாடித் துணுக்குகள் மிச்சம் இருக்கும், ஓரங்கள் சிப்பி வடிவில் சரிந்திருக்கும். பிடிப்பு நன்றாக இருக்கிறது, கண்ணாடிதான் முறிந்தது என்று அர்த்தம். வாங்கும் முன் இந்த வித்தியாசம் தெரிந்தால் பணம் மிச்சம்: அடிபட்ட சில் உள்ளதைத் தைரியமாகக் குறைந்த விலைக்கு வாங்கலாம், கறுப்படித்ததை எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

### எதைக் கொண்டு அடைப்பது?

நகப்பூச்சு, சூப்பர் குளூ, கடையில் விற்கும் எனாமல் பெயின்ட் எதுவும் வேண்டாம். இவை நிறம் மாறும், சுருங்கும்போது நல்ல ஓரத்தையும் சேர்த்துப் பிடுங்கும், பிறகு எடுக்க வரும் நிபுணரின் கூலியைக் கூட்டும். நிபுணர்கள் பெரும்பாலும் தளர்ந்த ஓரத்தைப் பிடிக்கப் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பயன்படுத்துவார்கள். எப்போது வேண்டுமானாலும் அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் பெருமை.

"திரும்பச் சூளையில் வைத்துச் சுட்டால் என்ன?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். செம்பு எனாமல் ஏறக்குறைய 750 முதல் 850 டிகிரி செல்சியஸில் சுடப்படுவது. விரிசல்களுக்குள் ஏறிய அழுக்கும் எண்ணெயும் அந்தச் சூட்டில் கொப்புளமாகும். சிவப்பும் ஆரஞ்சும் கறுக்கலாம். புது எனாமலும் பழைய எனாமலும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் நன்றாக இருந்த பாகமும் வெடிக்கும். செய்த கலைஞரே உயிரோடு இருந்து, அதே எனாமல் பொடி கையில் இருந்தால் யோசிக்கலாம். மற்றபடி கூடாது.

நிபுணர்: ஓரம் அசைகிறது, அல்லது அடியில் கறுப்பு, அல்லது கையெழுத்துள்ள அரிய பொருள். நார்வே, சுவீடனில் கேட்க வேண்டியது கொன்செர்வாட்டோர் என்று; கண்ணாடி, உலோகம் இரண்டிலும் வேலை செய்தவராகப் பாருங்கள். புதிதாக எனாமல் செய்யும் கலைஞர் வேறு, பழசைக் காப்பவர் வேறு. கூலி பல நேரம் பொருளின் விலையைத் தாண்டும், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

## பச்சை பூத்திருக்கிறது

களிம்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று வகை பார்க்கிறேன்.

### கரும்பச்சை, மெழுகு போல

ப்ரூச்சின் ஊசி மூட்டிலும் கிண்ணத்தின் அடிவளையத்திலும் வருவது. மெழுகு, கை எண்ணெய், பழைய பாலிஷ் ஆகியவற்றின் கொழுப்பு செம்போடு சேர்ந்து உண்டாவது. மரப் பல்குச்சியால் வழித்தால் திரண்டு வரும். மிச்சத்தை ஒயிட் ஸ்பிரிட் (பெயின்ட் கரைக்கும் திரவம்) தொட்ட பஞ்சால் துடையுங்கள், எனாமலில் விரிசல் உள்ள பக்கம் போகாமல். அவ்வளவுதான், மூன்றில் இதுதான் சாது.

### வெளிர்ப்பச்சை, மாவு போல, துடைத்தாலும் திரும்ப வருகிறது

உப்பு. கடலோர வீடு, வியர்வைக் கை, அல்லது ஒரு காலத்தில் உப்புக் கடலை பரிமாறிய கிண்ணம். குளோரைடு செம்புக்குள் புகுந்துவிட்டால் காற்றில் ஈரம் இருக்கும்வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும். உலர்ந்த பல்குச்சியால் மாவை எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் சில வாரம் வைத்துப் பாருங்கள். உலர்வில் நின்றுபோனால் உலர்விலேயே வைத்துக்கொள்ளலாம். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் மாதிரி ஊர்களுக்கு எடுத்துப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்; ஒஸ்லோவின் உலர்ந்த குளிர்கால அறையில் தூங்கிக்கொண்டிருந்த உப்பு அங்கே விழித்துக்கொள்ளும். உலர்விலும் திரும்ப வந்தால் நிபுணரிடம்.

### நீலம் கலந்த பச்சை, எனாமலும் செம்பும் சந்திக்கும் கோட்டில் மட்டும்

இது கண்ணாடியின் கோளாறு, செம்பின்மேல் காட்டுகிறது. எனாமலிலிருந்து காரம் கசிந்து, அலமாரிக் காற்றில் இருக்கும் ஃபார்மிக் அமில ஆவியோடு சேர்ந்து செம்பைத் தின்னும். அந்த ஆவி எங்கிருந்து? ஓக் மரம், ஒட்டுப் பலகை, எம்டிஎஃப் என்கிற மரத்தூள் பலகை அலமாரிகளிலிருந்து. முதல் வேலை அந்த அலமாரியிலிருந்து வெளியே எடுப்பது. அடுத்து, கீழே உள்ள பிசுபிசுப்புச் சோதனையைச் செய்யுங்கள். அதிலும் மாட்டினால் வீட்டு வைத்தியம் கிடையாது.

பின்பக்கம் முழுக்கப் பழுப்பேறிய வெறும் செம்பாக இருந்தால் அது பழுதே அல்ல. அதைத் துலக்கிப் பளிச்சென்று ஆக்கியவர்கள் அறுபது வருடத்துப் போர்வையைக் கழற்றியதுதான் மிச்சம். விற்கும்போது விலையும் குறையும்.

## கை வைத்தால் ஒட்டுகிறது

பத்தில் ஒன்பது சமையலறைப் பிசுக்கு. காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, பஞ்சுக் குச்சி, உடனே உலர் துணி. கிண்ணத்தை நீரில் முக்க வேண்டாம். விரிசல் இருந்தால் சோப்பும் வேண்டாம். அடுத்த சந்தேகம் பழைய மெழுகுப் பூச்சு. ஒயிட் ஸ்பிரிட்டுக்கு வந்துவிடும்.

துடைத்து இரண்டு வாரம் கழித்துத் திரும்ப ஒட்டினால், அல்லது டார்ச்சில் பனித்துளி மாதிரி நுண்ணிய துளிகள் தெரிந்தால், பிஎச் தாளை ஒரு சொட்டு காய்ச்சி வடித்த நீரில் நனைத்து அந்த இடத்தில் அரை நிமிடம் வையுங்கள். பக்கத்தில் நல்ல இடத்திலும் ஒன்று வைத்து ஒப்பிடுங்கள். ஒட்டும் இடத்தில் 9, 10 என்று காரம் காட்டினால் கண்ணாடி அழுகிறது. கலவையில் சுண்ணாம்பு போதாமல் பொட்டாஷோ சோடாவோ கூடிப்போனதால் வருவது. பிரான்சின் லிமோஜ் நகரில் செய்த பல நூற்றாண்டு பழைய எனாமல்களில் பேர்போன நோய்; நம் காலத்துப் பொருள்களில் அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை.

இதைக் குணப்படுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். மிகவும் உலர்ந்தாலும் கெடுதல்: ஈரமாகப் பிடித்திருந்த அடுக்கு காய்ந்து நுண்விரிசல் விடும். ஹுத்தே என்கிற மலைக் குடிலில், வாரக்கடைசிக்கு மட்டும் சூடேற்றும் இடத்தில், இதை வைக்கவே கூடாது. நிபுணர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டிய பழுது இது.

## மினுமினுப்புப் போய்விட்டது

ஒரு பொட்டு நீர் வையுங்கள். நீரடியில் நிறம் ஜொலித்து, காய்ந்ததும் மங்கினால் மேற்பரப்பு அரிக்கப்பட்டிருக்கிறது. மங்கல் எல்லா இடமும் ஒரே சீராக இருந்தால் செய்தவரே அப்படி விட்டிருக்கலாம். வேண்டுமென்றே தேய்த்து மட்டுப்படுத்திய பரப்புகள் அந்தக் காலத்தில் விரும்பிச் செய்யப்பட்டன. அடியில் வளையமாக, குளம் கட்டியதுபோல் மங்கியிருந்தால் யாரோ அதில் வினிகர் விட்ட சாலட் வைத்திருக்கிறார்கள். மெருகேற்றுவது நிபுணர் வேலை, பெரும்பாலும் செலவுக்குத் தகாது.

இதையொட்டி ஒன்று. ஈயமும் காட்மியமும் இருக்க வாய்ப்புள்ள எனாமலில் புளிப்போ சூடோ உள்ள எதையும் பரிமாறாதீர்கள். தோலோடு இருக்கும் ஆரஞ்சு, சாவிக்கொத்து, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## ஓரிடத்தில் மட்டும் நிறம் வேறு

எனாமல் நிறம் வெயிலில் வெளிறாது. வெளிறியிருந்தால் அது பிற்பாடு பூசிய பெயின்ட். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் ஒட்டுப்போட்ட இடம் பால் போலவோ நீலமாகவோ ஒளிரலாம், அல்லது சுற்றிலும் இருப்பதற்கு மாறாக இருண்டு கிடக்கலாம். ஆரஞ்சு, சிவப்புப் பரப்பில் ஓரங்களில் கறுப்புத் தீற்றல் இருந்தால் சூளைச் சூடு கொஞ்சம் ஏறியது, பிறவி அடையாளம். ஊசிமுனைக் குழிகளும் அப்படியே.

## மேசையில் வைத்தால் ஆடுகிறது

அழுத்தி நேராக்க வேண்டாம், ஒரு சத்தம் கேட்கும், கதை முடியும். எனாமல் பக்கம் புடைத்து, செம்புப் பக்கம் குழிந்திருந்தால் பின்பக்க எனாமல் இல்லாததால் சூளையிலிருந்து இறங்கும்போதே வளைந்தது. அடியில் மூன்று ஃபெல்ட் பொட்டு வைத்தால் ஆட்டம் நிற்கும். எனாமல் பக்கம் ஓரிடத்தில் மட்டும் பள்ளமாகி, அங்கிருந்து நட்சத்திரம் போல விரிசல் போனால் விழுந்த பொருள். மேலே விரிசல் பகுதிக்குப் போங்கள்.

## ப்ரூச்சின் ஊசி கழன்றுவிட்டது

ஊசி மட்டும் வளைந்திருந்தால், எனாமல் முகத்தைத் துணியில் அழுத்தாமல் ஊசித்தண்டை மட்டும் இடுக்கியில் பிடித்து நிமிர்த்தலாம். கொக்கி தளர்ந்திருந்தாலும் அப்படியே.

பற்றவைப்பு விட்டுப்போயிருந்தால் கவனம். தெருமுனை நகை ஆசாரியிடம் கொடுத்தால் "ஐந்து நிமிட வேலை" என்று ஊதுகுழலை எடுப்பார். வெள்ளிப் பற்றாசு உருக ஏறக்குறைய 700 டிகிரி வேண்டும், அந்தச் சூடு ஒரே பக்கத்தில் திடீரென்று ஏறினால் எனாமல் தெறித்துவிடும். ஈயப் பற்றாசு 200 டிகிரிக்குக் கீழே உருகும் என்றாலும், ஒருமுறை ஈயம் பட்ட பொருளை இனி யாரும் சுத்தமாகச் சரிசெய்ய முடியாது. கொடுக்கும் முன் "சூடு இல்லாமல் செய்ய முடியுமா, எனாமல் நகை முன்பு பார்த்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். லேசர் பற்றவைப்பு உள்ள பட்டறை என்றால் பேசிப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் இரண்டு பகுதி கலந்து போடும் எபாக்சி பசை. நிபுணர்கள் பயன்படுத்தும் மஞ்சளிக்காத வகையைக் கேட்டு வாங்கி, ஒட்டிய நகையை மெல்லிய சட்டையில் மட்டும் குத்துங்கள், குளிர்கால மேலங்கியில் வேண்டாம்.